ஃபியர் அண்ட் ஹங்கர் விளையாட்டில் நைட் பாத்திரம்

ஃபியர் அண்ட் ஹங்கர் என்பது பின்லாந்து நாட்டைச் சேர்ந்த மிரோ ஹாவெரினென் உருவாக்கி, 2018 டிசம்பரில் வெளியிட்ட திகில் கணினி விளையாட்டு ஆகும். இப்பெயருக்கு ‘அச்சமும் பசியும்’ என்று பொருள். ஆர்பிஜி மேக்கர் எம்வி என்ற மென்பொருளைக் கொண்டு இது உருவாக்கப்பட்டது. இதன் தொடர்ச்சியான ஃபியர் அண்ட் ஹங்கர் 2: டெர்மினா 2022 டிசம்பரில் வெளிவந்தது. முதல் விளையாட்டில் தேர்ந்தெடுக்கக்கூடிய நான்கு பாத்திரங்களுள் ஒன்றான ‘நைட்’ பற்றியும், அப்பாத்திரத்தை ஏற்று ஆடும் முறை பற்றியும் இக்கட்டுரை விளக்குகிறது.

இது வயது வந்தோருக்கான விளையாட்டு. கொடூரமான வன்முறை, உடல் சிதைவு, பாலியல் வன்முறை ஆகியவை இதில் வெளிப்படையாகக் காட்டப்படுகின்றன. எனவே 18 வயதுக்குக் குறைந்தவர்கள் ஆடுவதற்கு உரியது அன்று. ஆயினும் இதைப் பற்றிய யூடியூப் காணொளிகள் மாணவர்களிடையே பரவலாகப் பார்க்கப்படுவதால், இதன் அமைப்பைப் பெற்றோரும் ஆசிரியரும் அறிந்திருப்பது நல்லது.

நிலவறை விளையாட்டுகள்

கோட்டைகளின் அடியில் கைதிகளை அடைத்துவைக்கும் இருட்டறையே நிலவறை. நிலவறைக்குள் நுழைந்து, அறை அறையாகத் தேடி, எதிரிகளையும் பொறிகளையும் கடந்து செல்வதை அடிப்படையாகக் கொண்ட விளையாட்டுகள் ஒரு தனி வகையாகும். 1974இல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னெசன் இருவரும் வெளியிட்ட டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ் என்ற மேசை விளையாட்டே இதற்கு முன்னோடி. கணினியில் 1980இல் ரோக், 1981இல் விசார்ட்ரி ஆகியவை வந்தன. ரோக் விளையாட்டில் பாத்திரம் ஒருமுறை இறந்தால் மீண்டும் முதலிலிருந்துதான் தொடங்க வேண்டும். ஃபியர் அண்ட் ஹங்கரின் கடுமை இந்த மரபிலிருந்து வருவதே.

இவ்வகை விளையாட்டுகள் பலவற்றில் ஒரு பொது வழக்கம் உண்டு. எதிரியைக் கொன்றால் அனுபவப் புள்ளிகள் கிடைக்கும். புள்ளிகள் சேர்ந்தால் பாத்திரத்தின் வலிமை படிப்படியாகக் கூடும். அதனால் ஆடுபவர் வழியில் காணும் எதிரிகளையெல்லாம் தேடிப்பிடித்துச் சண்டையிடுவார். ஃபியர் அண்ட் ஹங்கர் இந்த வழக்கத்தைக் கைவிட்டது. இதில் எதிரியை வென்றாலும் அனுபவப் புள்ளி கிடையாது.  ஆனால் இழப்பு உண்டு. இந்த ஒரு விதியை மனத்தில் கொண்டால்தான் நைட் பாத்திரத்தைப் புரிந்துகொள்ள முடியும்.

நைட் என்பவர் யார்?

இடைக்கால ஐரோப்பாவில் அரசருக்கோ பிரபுவுக்கோ விசுவாச உறுதி அளித்து, கவசமணிந்து குதிரைமேல் சென்று போரிட்ட உயர்நிலை வீரர் நைட் எனப்பட்டார். சதுரங்கத்தில் நாம் ‘குதிரை’ என்று சொல்லும் காய்க்கு ஆங்கிலத்தில் இதே பெயர்தான். வீரம், விசுவாசம், வாக்குத் தவறாமை ஆகியவை நைட்டின் இலக்கணமாகக் கருதப்பட்டன.

இவ்விளையாட்டில் வரும் நைட், டார்ஸ் கட்டாலிஸ் என்ற பெண். நள்ளிரவுச் சூரியன் வீரர்கள் என்ற படைக்குழுவைச் சேர்ந்தவர். அக்குழுவின் தலைவர் லெகார்ட், ‘அச்சமும் பசியும்’ என்று அழைக்கப்படும் நிலவறையில் சிறைவைக்கப்பட்டுள்ளார். அவர்மீது கொண்ட அன்பாலும் விசுவாசத்தாலும் அவரை மீட்பதற்காக டார்ஸ் தனியே உள்ளே நுழைகிறார். கூலிப்படை வீரர் கஹாரா, இருள்நெறிப் பூசாரி என்கி, வடபுலத்து வேடர் ராக்ன்வால்டர் ஆகியோர் மற்ற மூவர். அவர்களையும் உள்ளே சந்தித்துத் துணையாகச் சேர்த்துக்கொள்ள இயலும்.

தொடக்கத்தில் பாத்திரத்தின் கடந்த காலம் பற்றிச் சில வினாக்கள் கேட்கப்படும். தரும் விடைகளுக்கு ஏற்பத் தொடக்கத் திறன்களும் பொருள்களும் அமையும். போர் தொடங்கியதும் எதிரிக்கு முன்பாகவே ஒருமுறை தாக்கும் திறன் நைட்டுக்குச் சிறப்பாக உரியது. மந்திரங்களைவிட வாளையும் கவசத்தையும் நம்பும் பாத்திரம் என்பதால், புதிதாக ஆடுபவர்கள் இதையே பாதுகாப்பானது என்று எண்ணித் தேர்ந்தெடுப்பதுண்டு. ஆனால் அந்தப் பாதுகாப்பு ஓரளவுக்கே செல்லும்.

போர் நடைபெறும் முறை

போர் சுற்றுமுறையில் நடைபெறும். ஆடுபவர் ஒரு செயலைத் தேர்ந்தெடுத்த பின் எதிரி தன் செயலைச் செய்யும். எதிரியின் எந்த உறுப்பைத் தாக்குவது என்பதையும் ஆடுபவரே தேர்ந்தெடுக்க வேண்டும். தலை, உடல், கைகள், கால்கள் ஆகியவை தனித்தனி இலக்குகள். தலையைத் தாக்கினால் எதிரி விரைவில் வீழலாம்; ஆனால் குறி தவறும் வாய்ப்பு அதிகம். ஆயுதம் ஏந்திய கையை முதலில் வெட்டினால் போர் நீளும். ஆனால் எதிரியின் ஆபத்தான தாக்குதல் நின்றுவிடும்.

அனுபவமுள்ளவர்கள் பெரும்பாலும் பின்னைய வழியையே மேற்கொள்வர். எதிரியை எவ்வளவு விரைவில் கொல்லலாம் என்பதைவிட, எதிரி தனக்குச் செய்யும் தீங்கை எப்படிக் குறைக்கலாம் என்பதே அவர்களுடைய முதற்கேள்வி. போருக்கு முன்பே தாக்கும் திறன் நைட்டுக்கு இங்குதான் பயன்படுகிறது. எதிரி கையை ஓங்குவதற்குள் அந்தக் கையின்மீது ஓர் அடி கூடுதலாக விழுகிறது.

இதே விதி ஆடுபவரின் பாத்திரத்துக்கும் பொருந்தும். நைட் தன் கையையோ காலையோ இழக்க நேரிடலாம். இழந்த உறுப்பு போர் முடிந்தபின் தானாகத் திரும்பி வளராது. கை போனால் ஆயுதம் பிடிப்பது தடைப்படும். கால் போனால் ஓட முடியாது. மற்ற விளையாட்டுகளில் ஒரு மருந்தால் சரியாகிவிடும் காயம், இதில் ஆட்டம் முழுவதும் தொடரும் இழப்பாகிறது. கவசம் அடியின் வலிமையைக் குறைக்குமே தவிர, இந்த இழப்பை முற்றிலும் தடுக்காது.

பசி, மனம், காயம்

வாளால் வெல்ல முடியாத எதிரிகளும் இந்நிலவறையில் உண்டு.

பசி: நேரம் செல்லச் செல்லப் பசி கூடும். உணவு கிடைப்பது அரிது. துணைக்கு ஆள் சேர்த்தால் போர் எளிதாகும். ஆனால் உணவையும் பங்கிட வேண்டும்.

மனநிலை: இருட்டும் கொடூரக் காட்சிகளும் மனவலிமையைக் குறைக்கும். தீப்பந்தம் இருட்டைத் தடுக்கும். அதுவும் எரிந்து தீர்ந்துவிடும்.

நோய்த்தொற்று: துருப்பிடித்த ஆணியை மிதித்தாலோ சில எதிரிகளால் காயம்பட்டாலோ புண் புரையோடும். அதற்குரிய பச்சிலை கையில் இல்லாவிட்டால், எலும்பறுக்கும் ரம்பத்தால் அந்த உறுப்பையே அகற்ற வேண்டிய நிலை வரும். இரண்டும் இல்லையென்றால் இறப்புதான்.

காலம்: நீண்ட நேரம் தாமதித்தால், மீட்க வந்த லெகார்ட் உயிருடன் இருக்கமாட்டார். எனவே எல்லா அறைகளையும் நிதானமாகத் தேடவும் முடியாது. தேடாமல் விரையவும் முடியாது.

பூவா தலையா?

இவ்விளையாட்டின் மிகப் புகழ்பெற்ற கூறு நாணயம் சுண்டுதல். பெட்டியைத் திறக்கும்போதும், படுக்கையில் உறங்கி ஆட்டத்தைச் சேமிக்க முயலும்போதும் பூவா தலையா கேட்கப்படலாம். சில எதிரிகளின் கொடிய தாக்குதலிலிருந்து தப்புவதும் நாணயத்தைப் பொறுத்ததே. அதில் தோற்றால் எத்தனை உயிர்ப்புள்ளிகள் மீதமிருந்தாலும் நைட் இறந்துவிடுவார்.

இதை நிகழ்தகவுக் கணக்காகப் பார்க்கலாம். ஒருமுறை சுண்டும்போது வெற்றி வாய்ப்பு 1/2. மூன்று ஆபத்துகளை அடுத்தடுத்து நாணயத்தை நம்பிக் கடக்க முயன்றால் வாய்ப்பு 1/2 × 1/2 × 1/2 = 1/8, அதாவது 12.5 விழுக்காடு மட்டுமே. ‘அதிர்ஷ்ட நாணயம்’ என்ற பொருளைச் செலவிட்டால் ஒன்றுக்குப் பதில் இரண்டு நாணயங்கள் சுண்டப்படும். அவற்றுள் ஒன்று சரியாக விழுந்தால் போதும். இரண்டும் தவறும் வாய்ப்பு 1/4 என்பதால் வெற்றி வாய்ப்பு 3/4 ஆகிறது. ஆனால் மூன்று முறையும் அதிர்ஷ்ட நாணயத்தைப் பயன்படுத்தினாலும் மொத்த வாய்ப்பு 27/64, ஏறத்தாழ 42 விழுக்காடுதான்.

இதிலிருந்து ஓர் உண்மை தெளிவாகும். அதிர்ஷ்டத்தைப் பெருக்குவதைவிட, அதிர்ஷ்டத்தை நம்பவேண்டிய இடங்களைக் குறைப்பதே மேலானது. தேவையற்ற ஒரு சண்டையைத் தவிர்த்தால், நாணயம் சுண்டவேண்டிய ஒரு நிலையும் தவிர்க்கப்படலாம்.

தமிழ் மரபிலிருந்து சில ஒப்புமைகள்

வைகுண்ட ஏகாதசி இரவில் கண்விழித்து ஆடும் பரமபதம் நமக்குத் தெரிந்ததே. அதிலும் ஆடுபவரின் திறமையைவிடத் தாயத்தின் விழுக்காடே முடிவு செய்யும். வைகுண்டத்துக்கு அருகில் சென்றவரையும் ஒரு பெரிய பாம்பு கீழே இறக்கிவிடும். ஆனால் பரமபதத்தில் பாம்பு இருக்கும் கட்டத்தை விட்டு விலகிச் செல்ல ஆடுபவருக்கு உரிமை இல்லை. ஃபியர் அண்ட் ஹங்கரில் அந்த உரிமை பெரும்பாலும் உண்டு. எதிரி தொலைவில் தெரியும்போதே வேறு வழியில் திரும்பலாம். போருக்குள் சிக்கிய பின்னும் ஓட முயலலாம். சில எதிரிகளுடன் பேசியும் பார்க்கலாம்.

வீரம் ஒருவரைக் காப்பாற்றிவிடாது என்பதற்கு மதுரை மண்ணிலேயே ஒரு கதை உண்டு. திருமலை நாயக்கர் காலத்தோடு இணைத்துச் சொல்லப்படும் மதுரை வீரன் கதைக்குப் பல வடிவங்கள் உள்ளன. அழகர்மலைப் பகுதியில் கள்வரை அடக்கிய வீரன், பின்னர் ஐயத்துக்கு ஆளாகி மாறுகால் மாறுகை வாங்கப்பட்டான் என்று கதைப்பாடல்கள் கூறுகின்றன. இன்று அவனுக்கு மீனாட்சியம்மன் கோயில் கிழக்குக் கோபுரத்தின் அருகே சன்னதி உள்ளது. சுற்றுவட்டார ஊர்களில் காவல் தெய்வமாகவும் வழிபடுகின்றனர். உறுப்பிழந்து வீழ்ந்தவனும் வீரனே என்று ஏற்றுக்கொண்ட மக்களுக்கு, கை இழந்த நைட்டின் நிலை அந்நியமாகத் தோன்றாது.

அதே வேளையில், நம் மரபில் புறமுதுகு காட்டுவது பெரும் இழிவு. மகன் போரில் புறங்காட்டினான் என்ற சொல் கேட்டு, அது உண்மையானால் அவனுக்குப் பாலூட்டிய முலையை அறுப்பேன் என்று சினந்து களம் சென்ற தாயைப் புறநானூறு காட்டுகிறது. இந்த மனப்பாங்குடன் நிலவறைக்குள் நுழையும் நைட் முதல் அறையிலேயே மடிவார். இவ்விளையாட்டுக்குப் பொருத்தமான வழிகாட்டி திருக்குறளின் பொருட்பாலில் கிடைக்கும். வலியறிதல், காலமறிதல், இடனறிதல் என 48 முதல் 50 வரை அடுத்தடுத்து அமைந்த மூன்று அதிகாரங்கள், போர் தொடங்குமுன் எண்ணவேண்டியவற்றைக் கூறுகின்றன. தன் வலியும் மாற்றான் வலியும் எடைபோட்டு, ஏற்ற காலத்தையும் இடத்தையும் கண்டபின்பே செயலில் இறங்கு என்பதே அவற்றின் சாரம்.

நைட் பாத்திரத்தை ஆடுவோர் கருதவேண்டியவை

எதிரியைக் கண்டதும் சண்டை தேவையா என்று முதலில் கேட்க வேண்டும். வழியை மறிக்காத எதிரியை விட்டு விலகுவது இழப்பன்று.

சண்டை தவிர்க்க முடியாதபோது, ஆயுதம் ஏந்திய கையை முதல் இலக்காகக் கொள்ளலாம்.

பச்சிலை, குருதியை நிறுத்தும் துணி, உணவு ஆகியவற்றை வாளுக்கு நிகரான படைக்கலமாகக் கருத வேண்டும்.

அதிர்ஷ்ட நாணயங்களைப் பெட்டி திறப்பதில் செலவழிக்காமல், உயிர் போகும் தருணங்களுக்கு வைத்திருப்பது நல்லது.

ஒவ்வோர் இறப்பையும் பாடமாகக் கொள்ள வேண்டும். அனுபவப் புள்ளிகளால் பாத்திரத்தின் வலிமை கூடாத இவ்விளையாட்டில், ஆடுபவரின் அறிவு மட்டுமே ஒவ்வோர் ஆட்டத்துக்கும் கூடிக்கொண்டே போகிறது.

மதிப்பீடு

நைட் என்ற பெயரைக் கேட்டதும் பளபளக்கும் கவசமும் அசைக்க முடியாத வெற்றியுமே பலருக்கு நினைவில் எழும். டார்ஸ் பாத்திரம் அந்த எண்ணத்தைச் சோதிக்கிறது. அவருடைய விசுவாசம் உண்மையானது. ஆனால் அது அவரைப் பசியிலிருந்தும் புரையோடும் புண்ணிலிருந்தும் காப்பதில்லை. நிலவறையில் ஒரு குழந்தை கூண்டில் அடைபட்டுக் கிடக்கிறாள். அவளை விடுவித்து உடன் அழைத்துச் செல்வதா, கடந்து போவதா என்பதை ஆடுபவரே முடிவு செய்ய வேண்டும். உணவோ குறைவு, நேரமும் குறைவு. வாள்வீச்சில் வெளிப்படாத நைட்டின் இலக்கணம், பரிசு எதுவும் உறுதியளிக்கப்படாத இத்தகைய முடிவுகளில்தான் வெளிப்படுகிறது.

இவ்விளையாட்டின் கொடூரக் காட்சிகள் அளவு மீறியவை என்ற குறை நியாயமானது. அவை இல்லாமலே இதன் விதிகள் தம் வேலையைச் செய்திருக்கும் என்றும் கருத இடமுண்டு. ஆயினும், வலிமை என்பது எத்தனை பேரை வீழ்த்தினோம் என்பதில் இல்லை, எந்தச் சண்டையை விலக்கினோம் என்பதிலும் உண்டு என்ற கருத்தை விதிகளின் வாயிலாகவே உணர்த்துவதில் இது தனித்து நிற்கிறது.