நன்னாவின் படம் நிற்கிறது, நிக்காஹ் படம் ஏன் மங்குகிறது?

பொன்னேரியில் நமக்குத் தெரிந்த ஒரு வீட்டின் கூடத்தில் இரண்டு படங்கள் அருகருகே மாட்டியிருக்கின்றன. ஒன்று அந்த வீட்டு நன்னாவின் கறுப்பு வெள்ளைப் படம். ஸ்டூடியோவில் எடுத்து அறுபது ஆண்டுகளுக்கு மேல் ஆகிறது. ஓரங்களில் மட்டும் பழுப்பேறியிருக்கிறது. மற்றது பேரனின் நிக்காஹ் படம். வீட்டிலேயே இன்க்ஜெட் பிரிண்டரில் அச்செடுத்து ஏழு ஆண்டுகூட ஆகவில்லை. அதில் நீலம் முழுக்கப் போய்விட்டது. முகங்களெல்லாம் ஆரஞ்சு நிறத்துக்கு மாறிவிட்டன.

கும்மிடிப்பூண்டி சிப்காட்டில் வேலை பார்க்கும் இளைஞர்கள் போனஸ் கையில் வந்ததும் கேமராவும் பிரிண்டரும் வாங்குவது பற்றி நம்மிடம் விசாரிக்கிறார்கள். இதை ஒரு ஆலிமிடம் ஏன் கேட்க வேண்டும் என்று தோன்றலாம். மஹல்லாவின் பழைய தஃப்தர்களையும் வீடுகளில் கிடக்கும் பழைய படங்களையும் படமெடுத்து வைக்கும் வேலையைச் சில ஆண்டுகளாக நாம் செய்து வருகிறோம். அதில் பட்டுத் தெரிந்துகொண்டவற்றையே இங்கே எழுதுகிறோம். உருவப்படம் பற்றி உலமாக்களிடையே உள்ள கருத்து வேறுபாட்டை இந்தக் கட்டுரையில் எடுக்கவில்லை. அது தனியாக எழுத வேண்டிய விஷயம்.

கேட்பவர்கள் அனைவரும் "எத்தனை மெகாபிக்சல் வாங்கலாம் ஹஜ்ரத்?" என்றுதான் தொடங்குகிறார்கள். நாமோ பிரிண்டரின் மையைப் பற்றி முதலில் கேளுங்கள் என்கிறோம். நன்னாவின் படத்தில் கறுப்பாகத் தெரிவது மை அல்ல, ஜெலட்டின் பூச்சுக்குள் பதிந்திருக்கும் வெள்ளித் துகள்கள். சரியாகக் கழுவி உலர்த்தியிருந்தால் அந்த வெள்ளி தலைமுறைகள் தாண்டியும் நிற்கும். புதுச்சேரியில் உள்ள பிரெஞ்சு ஆய்வு நிறுவனம், தமிழ்நாட்டு ஸ்டூடியோக்களில் எடுத்த பழைய குடும்பப் படங்களைத் தேடி எண்மமாக்கும் பணியைச் செய்திருக்கிறது. 1880களின் படங்கள்கூட அந்தத் தேடலில் அடங்கும்.

இன்க்ஜெட் மையில் இரண்டு வகை உண்டு. ஒன்று சாய மை: தண்ணீரில் சர்க்கரை போலச் சாயம் கரைந்திருக்கும். பளபளப்பும் வண்ணமும் அழகாக வரும், விலையும் குறைவு. ஆனால் ஈரம் பட்டால் கசியும். வெளிச்சமும் காற்றும் அதை மெல்ல அரிக்கும். மற்றது நிறமி மை: கரையாத நுண்துகள்கள் தாளின் மேல் படிந்து நிற்கும். ஒளியையும் ஈரத்தையும் அது அதிகம் தாங்கும்.

காற்று அரிக்கும் என்பதைச் சிலர் நம்புவதில்லை. 2000ஆம் ஆண்டில் எப்சன் ஸ்டைலஸ் போட்டோ 870, 1270 பிரிண்டர்கள் வந்தபோது, அவற்றில் அச்சான படங்கள் சில வாரங்களில், சில வீடுகளில் சில நாட்களிலேயே, ஆரஞ்சாக மாறின. வெயிலே படாத அறையிலும் அப்படி ஆயிற்று. காற்றிலிருந்த ஓசோன் போன்ற வாயுக்கள் நீலப்பச்சைச் சாயத்தைச் சிதைத்ததுதான் காரணம். கண்ணாடி போட்டு மாட்டிய படங்கள் பெரும்பாலும் தப்பின. மைகள் அதற்குப் பிறகு வெகுவாக முன்னேறிவிட்டன. ஆனால் மலிவு விலையில் வாங்கி ஊற்றும் மாற்று மைகளைப் பற்றி அப்படிச் சொல்ல முடியாது. வாகனப் புகையும் வெயிலும் சேருமிடத்தில் ஓசோன் கூடும். நெடுஞ்சாலைக்கும் தொழிற்பேட்டைகளுக்கும் நடுவே வாழும் நாம் இதை யோசிக்க வேண்டும்.

கறுப்பு வெள்ளைப் படத்துக்கு வேறொரு சிக்கல் உண்டு. ஒரு முறை பழைய மதரஸா படம் ஒன்றை நகலெடுத்து அச்சிட்டோம். டியூப்லைட்டில் பச்சையடித்தது, வெளியே வெயிலுக்குக் கொண்டுபோனால் ஊதாச் சாயல் தெரிந்தது. பிரிண்டர் பழுதென்று நினைத்தோம், பழுதில்லை. கேனான் ஜி3000 போன்ற நான்கு மை டேங்க் பிரிண்டர்களில் கறுப்பு மட்டும் நிறமி மை. எழுத்து அச்சிட அது அருமையானது, ஆனால் பளபளப்பான போட்டோ தாளில் ஒட்டாது. அதனால் போட்டோ தாள் என்று தேர்வு செய்ததும் பிரிண்டர் அந்தக் கறுப்பை விட்டுவிட்டு, மற்ற மூன்று வண்ணங்களைக் கலந்தே சாம்பலையும் கறுப்பையும் உண்டாக்குகிறது. கலவையில் சிறிது பிசகினாலும் படம் சாயமடிக்கும்.

இதற்குத் தீர்வு, சாம்பல் மை தனியாக உள்ள பிரிண்டர். எப்சன் எல்8050இல் ஆறு மை இருந்தாலும் கூடுதலாக உள்ள இரண்டும் வெளிர்நீலமும் வெளிர்சிவப்பும்தான். வண்ண முகங்களுக்கு நன்றாக இருக்கும், சாம்பல் கிடையாது. கேனான் ஜி570இலும் எப்சன் எல்8180இலும் சாம்பல் மை உண்டு. வீட்டில் இரண்டு வகைப் படமும் எடுக்கிறவர்களுக்கு நாம் இவற்றைத்தான் சொல்வோம். தொழிலாகச் செய்பவர் கேனான் புரோ-300 போன்ற நிறமி மை பிரிண்டருக்குப் போகலாம். அதில் ஒன்பது வண்ண மையும் ஒரு மேற்பூச்சு மையும் உண்டு. விலை பல மடங்கு.

பாஸ்போர்ட்டுக்கும் பள்ளி விண்ணப்பத்துக்கும் ஒட்டுகிற படத்துக்கு இவ்வளவும் தேவையில்லை, எந்த மையும் போதும். வாரம் ஒரு படமாவது அச்சிடாத வீட்டுக்குப் பிரிண்டரே வேண்டாம் என்பது நம் கருத்து. சும்மா கிடந்தால் மை உலர்ந்து தலை அடைத்துக்கொள்ளும், அதைச் சுத்தம் செய்யவே பாதி மை போய்விடும். நிக்காஹ் ஆல்பத்தைக் கலர் லேபில் கொடுத்து எடுப்பதே சிக்கனம்.

கேமரா விஷயத்தில் மெகாபிக்சல் கணக்கு எளிது. நல்ல அச்சுக்கு அங்குலத்துக்கு 300 புள்ளி போதும். 4×6 அங்குலப் படத்துக்கு 1200×1800, அதாவது 2 மெகாபிக்சலுக்குச் சற்று மேல். ஏ4 தாளுக்கு 9 மெகாபிக்சல்கூடத் தேவையில்லை. இன்று விற்கும் எந்தக் கேமராவும் இதைத் தாண்டும். பார்க்க வேண்டியது சென்சாரின் அளவு. ஏபிஎஸ்-சி சென்சார் ஏறத்தாழ 23×15 மி.மீ.; கைபேசியின் சென்சார் அதில் சிறு பங்குதான். கேனான் ஆர்50 போன்ற புதியதோ, பழைய நிக்கான் டி5600 செகண்ட் ஹேண்டோ, இரண்டும் 24 மெகாபிக்சல், இரண்டும் போதும். மிச்சமாகும் பணத்தில் 50 மி.மீ. எஃப்/1.8 லென்ஸ் வாங்குங்கள். கிட் லென்ஸின் எஃப்/5.6ஐ விட அது ஏறத்தாழ பத்து மடங்கு வெளிச்சத்தை உள்ளே விடும். பள்ளிக்குள் நிக்காஹ் நடக்கும்போது முகத்தில் ஃபிளாஷ் அடிக்காமல் எடுக்கலாம்.

கறுப்பு வெள்ளை வேண்டுமென்றால் கேமராவிலேயே அப்படி எடுக்காதீர்கள். சென்சாருக்கு வெளிச்சத்தின் அளவு மட்டுமே தெரியும். அதன் மேல் பச்சை இரண்டு, சிவப்பு ஒன்று, நீலம் ஒன்று என்று வடிகட்டிகள் போட்டுத்தான் வண்ணம் பிரிக்கிறார்கள். கோடாக் நிறுவனத்தின் பிரைஸ் பேயர் செய்த ஏற்பாடு அது. காப்புரிமை பெற்ற ஆண்டு 1976. வண்ணத்தில், ரா கோப்பாக எடுத்துவிட்டு, பின்னர் கணினியில் மாற்றினால் எந்த நிறம் எவ்வளவு வெளுப்பாகத் தெரிய வேண்டும் என்பது நம் கையில் இருக்கும்.

பழைய படங்களை நகலெடுக்கும்போது இது பெரிய உதவி. படத்தில் மஞ்சள் கறை இருந்தால் சிவப்புப் பகுதியை மட்டும் எடுத்துக் கறுப்பு வெள்ளையாக்குங்கள், கறை பெரும்பாலும் மறைந்துவிடும். பழவேற்காடு போன்ற ஊர்களில் குடும்பங்கள் வைத்திருக்கும் அரபுத்தமிழ் ஏடுகளில் பழுப்பாக மங்கிய எழுத்துக்கு நீலப் பகுதி உதவும், எழுத்து அழுத்தமாகத் தெரியும். தனிப் படங்களுக்கு ஸ்கேனரே நல்லது, 600 புள்ளியில் வையுங்கள். தைத்த கிதாபுகளை ஸ்கேனரில் கவிழ்த்து அழுத்தினால் முதுகு உடையும், அவற்றுக்குக் கேமராதான். இரண்டு பக்கமும் சாய்வாக விளக்கு வைத்து, கேமராவை நேர் மேலே நிறுத்துங்கள்.

2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வந்தபோது நம் பகுதியில் தண்ணீர் புகுந்த வீடுகளில் ஆல்பங்கள் ஒன்றோடொன்று ஒட்டிக்கொண்டன. நனைந்த பழைய ஸ்டூடியோ படங்கள் சிலவற்றைச் சுத்தமான தண்ணீரில் மெதுவாகப் பிரித்து நிழலில் உலர்த்த முடிந்தது. சாய மையில் அச்சான படங்களைப் பிரித்தபோது தாள்தான் மிஞ்சியது.

அந்த வீட்டு நன்னாவின் படத்தைச் சென்ற மாதம் சட்டத்திலிருந்து எடுத்தோம். ஸ்கேன் செய்து, கோப்பை இரண்டு இடங்களில் வைத்து, சாம்பல் மை உள்ள பிரிண்டரில் ஒரு நகல் எடுத்தோம். பின்புறம் பென்சிலால் பெயரும் ஊரும் எழுதினோம். சுவரில் இப்போது இருப்பது நகல். மூலப் படம் வெள்ளைத் தாளில் சுற்றி, பரணுக்குப் போகாமல், பீரோவின் மேல் தட்டில் இருக்கிறது.