முதல் வகுப்பின் முதல் வாரம்

ஜூன் மாதம் பள்ளி திறந்ததும் மணியோசைக்கு முன்பே முதல் வகுப்பின் அழுகையொலி கேட்கும்! ஐந்து வயது நிரம்பிய நம் தங்கையர் ஏன் அழுகின்றனர்? பத்தாம் வகுப்பு மாணவியராகிய நாங்கள் அவ்வகுப்பில் உதவி செய்தபோது இதனை அறிந்தோம்.

தாயைப் பிரிந்த துயரம் ஒன்று, பசி மற்றொன்று. 2022 செப்டம்பர் 15 அன்று மதுரையில் தொடங்கப்பெற்ற காலை உணவுத் திட்டம், 2024 ஜூலை 15 முதல் எங்களைப் போன்ற ஊரக அரசு உதவி பெறும் பள்ளிகளுக்கும் வந்தது. ஆனால், வயிறார உண்ட பின்னும் ஒரு சிறுமி தேம்பினாள்.

"அம்மா எப்போ வருவாங்க அக்கா?" என்றாள். பாவம், அவளுக்குக் கடிகாரம் பார்க்கத் தெரியாதே!

ஆசிரியை கரும்பலகையில் வரிசையாகப் படங்கள் வரைந்தார்: கூப்பிய கைகள், புத்தகம், சாப்பாட்டுத் தட்டு, பந்து, இறுதியில் வாயிலில் நிற்கும் அம்மா. ஒவ்வொரு வேலை முடிந்ததும் ஒரு படத்தை அழிக்கும் பொறுப்பை அவளிடமே கொடுத்தார். நான்காம் நாள் அவள் அழவில்லை. அழுத மற்றொருத்தியிடம், "இன்னும் ரெண்டு படம்தான்!" என்று ஆறுதல் கூறினாள்.

அடுத்து என்ன நிகழும் என்று அறியாததே குழந்தையின் பெரிய அச்சம். ஆகவே பெற்றோரே, "சீக்கிரம் வருவேன்" என்னாமல், "நீ விளையாடி முடித்ததும் வருவேன்" என்று கூறுங்கள், கூறியபடியே வாருங்கள்!