கூந்தலும் புரதமும்

“கூந்தலுக்கு உணவு” எனப் புட்டியில் அச்சிட்டிருப்பதை நம்பிப் பொருள் செலவிடுவோர் பலர். வெளியே தெரியும் மயிர் உயிரற்றது. அதற்கு உண்ணும் ஆற்றல் ஏது? உயிருள்ள வேர் தோலுக்குள் உளது. அதற்கு ஊட்டம் குருதி வழியே செல்கிறது.

அங்ஙனமாயின் புரதக் கண்டிஷனர் பயனற்றதோ? அன்று. மயிர் பெரும்பாலும் கெரட்டின் என்னும் புரதத்தால் ஆனது. அதன்மேல் அத்தாப்புக் கூரை வேய்ந்தாற்போலச் செதில்கள் அடுக்கடுக்காகப் படிந்துள்ளன. சாயமும் வெப்பமும் அக்கூரையைப் பிய்த்துவிடுகின்றன. நீராற்பகுத்த புரதம், அதாவது சிறு துண்டுகளாக உடைக்கப்பட்ட புரதம், பிய்ந்த இடங்களில் ஒட்டிக்கொள்ளும். மிகச் சிறியவை உள்ளேயும் புகும். முட்டை வெண்கருவின் புரதமோ உருவிற் பெரியது, உட்புகாது. ஆதலின் புட்டியின் பின்புறத்தில் ‘ஹைட்ரொலைஸ்டு’ என்ற சொல் உண்டா எனப் பார்த்து வாங்குக.

தலை கழுவியபின் நுனிப்பகுதியில் தடவிச் சில நிமிடம் கழித்து அலசினால் போதும். நுனியே மூத்தது: மயிர் மாதத்துக்கு ஏறத்தாழ 1 செ.மீ. வளர்வதால், 36 செ.மீ. கூந்தலின் நுனிக்கு வயது 3 ஆண்டு! நலமான கூந்தலுக்கு இது வேண்டுவதில்லை. மிகுந்தால் விறைப்பதும் உண்டு.

தேங்காய் எண்ணெயைப் பழமை என்று ஒதுக்குவோர்க்கு ஒன்று கூறலாம். 2003இல் வெளிவந்த ஆய்வொன்றில், கனிம எண்ணெய், சூரியகாந்தி எண்ணெய், தேங்காய் எண்ணெய் ஆகிய மூன்றனுள் மயிரின் புரத இழப்பைப் பெரிதும் குறைத்தது தேங்காய் எண்ணெய் ஒன்றே.