ஐந்தாம் படிகம்

பிப்ரவரி மாதம் ஊட்டி சேரிங் கிராஸில் இறங்கி, கமர்ஷியல் ரோடு பக்கம் நடந்து பாருங்கள். ‘ஹோம்மேட் சாக்லேட்’ என்ற பலகை கண்ணில் படாமல் நாலு கடை தாண்ட முடியாது. கண்ணாடிப் பெட்டிக்குள் தட்டுத் தட்டாக உடைத்த துண்டுகள் கிடக்கும்: பாதாம் பதித்தது, திராட்சையும் முந்திரியும் கலந்தது, வெள்ளை, கறுப்பு. கால் கிலோ கேட்டால் எல்லாவற்றிலும் கொஞ்சம் போட்டு நிறுத்துத் தருவார்கள். காதலர் தினம் நெருங்கிவிட்டால் அதே சரக்கு இதய வடிவ அச்சுக்கு மாறி, சிவப்பு ரிப்பன் கட்டிக்கொள்ளும். விலையும் கூடவே ஏறும்.

இத்தனை சாக்லேட் விற்கும் ஊட்டியில் கோகோ மரம் வளராது. சுமார் 2,240 மீட்டர் உயரத்தில், டிசம்பர், ஜனவரியில் புல்லின் மேல் உறைபனி படியும் ஊர் அது. கோகோவுக்கோ புழுக்கமும் நிழலும் வேண்டும். மலைக்குக் கீழே பொள்ளாச்சி, ஆனைமலைப் பக்கம் தென்னைகளுக்கு நடுவே ஊடுபயிராக அது செழிக்கிறது. தண்டிலேயே நேராகக் காய் காய்க்கும். சர்க்கரையும் பால்பவுடரும்கூடக் கீழிருந்து வருகிறவைதான். அப்படியென்றால் ஊட்டி இதில் என்னதான் போடுகிறது என்று கேட்கலாம். குளிரைப் போடுகிறது. சாக்லேட் தொழிலில் அது சின்னச் சமாச்சாரம் இல்லை.

சாக்லேட்டின் உடம்பு கோகோ வெண்ணெய். கோகோ விதையில் ஏறக்குறைய பாதி இந்தக் கொழுப்புதான். நெய்யை நினைத்துக்கொண்டால் இதன் குணம் எளிதில் பிடிபடும். மார்கழியில் மெல்ல ஆறிய நெய் மணல் மணலாக உறையும்; அதே நெய்யை உருக்கி ஃப்ரிட்ஜில் தள்ளினால் வழவழவென்று இறுகிவிடும். பொருள் ஒன்றுதான், ஆறிய வேகம் வேறு, அதனால் உள்ளே கட்டிய படிகமும் வேறு. கோகோ வெண்ணெய் இந்த விஷயத்தில் இன்னும் பிடிவாதக்காரி: ஆறு விதமாக உறைய அவளால் முடியும். 1966இல் வில்லி, லட்டன் என்ற இரு ஆய்வாளர்கள் இந்த ஆறையும் பிரித்தறிந்து ஒன்று முதல் ஆறு வரை எண் கொடுத்தார்கள்.

ஒன்றாம் படிகம் 17 டிகிரி செல்சியஸ் வாக்கிலேயே உருகிவிடும். நாலாவது 27, 28 டிகிரி வரை தாங்கும். கையில் எடுத்ததுமே விரலில் அப்பிக்கொள்ளும். ஐந்தாவது உருகுவது 33, 34 டிகிரியில். அறையில் கெட்டியாக நிற்கும், உடைத்தால் ‘டக்’கென்று சத்தம் கேட்கும், நாக்கில் வைத்த சில நொடிகளில் கரையும். மேலே கண்ணாடிப் பளபளப்பு வேறு. ஆறாவது இன்னும் கெட்டி. ஆனால் அது உருக்கி ஆற்றும்போது நேராக வராது, ஐந்தாவது மாதக்கணக்கில் கிடந்து மாறினால்தான் வரும். அப்போது மேலே சாம்பல் பூத்தாற்போல வெள்ளை படியும். அதைப் பூஞ்சை என்று நினைத்துக் குப்பையில் போடுகிறவர்கள் நிறைய. அது வெறும் கொழுப்பு. தின்னலாம், சுவை மட்டும் கொஞ்சம் மந்தம்.

ஆக, சாக்லேட் செய்கிற கைவினை முழுக்க ஐந்தாம் படிகத்தை மட்டும் வரவழைத்து மற்றதை விரட்டுகிற வேலை. இதற்கு ‘டெம்பரிங்’ என்று பெயர். கறுப்புச் சாக்லேட்டை முதலில் 45 முதல் 50 டிகிரிவரை சூடாக்கி எல்லாப் படிகத்தையும் கரைத்துவிட வேண்டும். பிறகு கிளறிக்கொண்டே 27, 28க்கு இறக்கினால் நாலாவதும் ஐந்தாவதும் முளைக்கும். மறுபடி 31, 32க்கு ஏற்றினால் நாலாவது கரைந்துபோகும், ஐந்தாவது மட்டும் மிஞ்சும். அந்த நிலையில் அச்சில் ஊற்றினால், மிஞ்சிய படிகங்களைப் பார்த்து மீதிக் கொழுப்பும் அதேபோல அடுக்கிக்கொள்ளும். பால் சாக்லேட்டுக்கு ஒவ்வொரு கட்டத்திலும் ஓரிரு டிகிரி குறைவு.

அச்சில் ஊற்றியபின் அறை 18 முதல் 20 டிகிரிக்குள் இருந்தால் உத்தமம். சமவெளியில் சாக்லேட் செய்கிறவர்கள் இதற்காகவே ஏசி ஓட்டி மின்கட்டணம் கட்டுகிறார்கள். ஊட்டியிலும் கொடைக்கானலிலும் பிப்ரவரியில் சன்னலைத் திறந்து வைத்தால் போதும். 1820களில் ஊட்டியை உருவாக்கிய கலெக்டர் ஜான் சல்லிவன் காலத்திலிருந்து மலையில் தங்கிய ஐரோப்பியர் வீடுகளின் அடுமனைப் பழக்கமும் இந்தக் குளிரும் சேர்ந்துதான் வீட்டுச் சாக்லேட் இங்கே ஒரு தொழிலாக ஊன்றியது. மழைக்காலத்தில் மட்டும் கஷ்டம். ஈரக்காற்று சாக்லேட்டின் மேல் படிந்து சர்க்கரையைக் கரைக்கும். காய்ந்ததும் சொரசொரவென்று இன்னொரு வகை வெள்ளை பூக்கும். தையும் மாசியும் குளிரும் உலர்வும் சேர்ந்த மாதங்கள். காதலர் தினம் சரியாக அதில் வந்து விழுவது கடைக்காரர்களின் அதிர்ஷ்டம்.

அந்த நாளுக்கும் சாக்லேட்டுக்கும் முடிச்சு விழுந்த கதையிலும் கோகோ வெண்ணெய்தான் இருக்கிறது. 1828இல் நெதர்லாந்தின் வான் ஹூட்டன் குடும்பம் கோகோவைப் பிழிந்து கொழுப்பைத் தனியே எடுக்கும் இயந்திரத்துக்குக் காப்புரிமை பெற்றது. அவர்களுக்கு வேண்டியிருந்தது தூள், குடிக்கிற கோகோவுக்காக. பிழிந்து ஒதுக்கிய வெண்ணெயைக் கூடுதலாகச் சேர்த்தால் சாக்லேட்டை அச்சில் வார்க்கலாம் என்பது பிறகு புரிந்தது. 1847இல் இங்கிலாந்தின் ஃப்ரை நிறுவனம் கடித்துத் தின்னும் சாக்லேட் கட்டியை விற்றது. கேட்பரி வீட்டாரும் பிழியும் இயந்திரம் வாங்கினார்கள். வெண்ணெய் மிஞ்சியது, அதில் விதவிதமாக மிட்டாய்கள் செய்தார்கள், விற்க ஒரு சாக்கு வேண்டியிருந்தது. 1860களில் ரிச்சர்ட் கேட்பரி அவற்றை இதய வடிவப் பெட்டியில் அடுக்கிக் காதலர் தினத்துக்கு விற்றார். ஜப்பான்காரர்கள் இதை இன்னொரு படி கொண்டுபோனார்கள்: பிப்ரவரி 14 அன்று பெண்கள் ஆண்களுக்குச் சாக்லேட் தருவார்கள், தம் கையால் செய்தது என்றால் மதிப்பு அதிகம், ஆண்கள் மார்ச் 14 அன்று பதில் மரியாதை செய்ய வேண்டும்.

நம் பக்கத்துப் பெருமை ஒன்றும் இங்கே உண்டு. கோகோ விதையை ஐந்தாறு நாள் புளிக்க வைத்து, வெயிலில் உலர்த்தி, வறுத்து, தோல் புடைத்த பிறகு மணிக்கணக்கில் அரைக்க வேண்டும். துகள் 20, 25 மைக்ரானுக்கு இறங்கினால்தான் நாக்குக்கு மணல் தட்டாது. பெரிய ஆலைகளில் இதற்கு ராட்சத உருளைகள் இருக்கின்றன. கொஞ்சமாகச் செய்கிறவர்களுக்கு வழி இல்லாமல் இருந்தது. இந்த நூற்றாண்டின் தொடக்கத்தில் அமெரிக்காவில் வீட்டிலேயே சாக்லேட் செய்ய முயன்றவர்கள் கண்டுபிடித்த கருவி, கோவையில் இட்லி மாவுக்காகச் செய்த மேசை கிரைண்டர்! கருங்கல் தளத்தில் கருங்கல் உருளைகள். இரண்டு மூன்று நாள் விடாமல் ஓடத் தோதாக மோட்டாரில் சில மாற்றங்கள். இன்று உலகெங்கும் விதையிலிருந்து கட்டிவரை தாமே செய்யும் சிறு சாக்லேட்காரர்களின் பட்டறைகளில் ஓடுபவை பெரும்பாலும் இந்தக் குடும்பத்து இயந்திரங்கள்தான். உங்கள் வீட்டு கிரைண்டரில் உடனே போட்டுவிடாதீர்கள். நாள் முழுக்க ஓட்டினால் சாதாரண மோட்டார் புகைந்துவிடும்.

வாங்குகிறவர்களுக்கு ஒரு எச்சரிக்கை. ‘ஹோம்மேட்’ என்றால் விதையை அரைத்தார்கள் என்று பொருள் இல்லை. பல இடங்களில் கம்பெனிக் கட்டிகளை வாங்கி உருக்கி, பருப்பு கலந்து வார்க்கிறார்கள். அதில் தவறில்லை. ஆனால் அந்தக் கட்டி ‘காம்பவுண்ட்’ வகையா என்று பார்க்க வேண்டும். காம்பவுண்டில் கோகோ வெண்ணெய்க்குப் பதிலாக ஹைட்ரஜனேற்றிய தாவரக் கொழுப்பு, பெரும்பாலும் பனைக்கொட்டை எண்ணெய் வகை, இருக்கும். டெம்பரிங் வேண்டாம், வெயிலும் கொஞ்சம் தாங்கும், விலையும் மலிவு. குழந்தைகள் பிறந்தநாளுக்குச் சரி. நல்ல சாக்லேட் விலைக்கு அதை விற்பதுதான் சரியில்லை. பெட்டியில் சேர்மானப் பட்டியல் இருந்தால் படியுங்கள். இல்லாவிட்டால் ஒரு துண்டை நாக்கில் வைத்துச் சும்மா இருங்கள். தானாகக் கரைந்து மறைந்தால் கோகோ வெண்ணெய். மேலண்ணத்தில் மெழுகுப் படலம் ஒட்டிக்கொண்டால் மற்றது.

வீட்டில் செய்து பார்க்க நினைப்பவர்களுக்கு அரை கிலோ நல்ல கறுப்புச் சாக்லேட், சமையல் தெர்மாமீட்டர், அச்சு போதும். சாக்லேட்டைப் பொடியாக நறுக்கி, கால் பங்கைத் தனியே வையுங்கள். ஒரு பாத்திரத்தில் தண்ணீரைச் சுடவைத்து அடுப்பை அணைத்து, அதன் மேல் ஈரமில்லாத எவர்சில்வர் கிண்ணத்தைப் பொருத்துங்கள். கிண்ணத்தின் அடி தண்ணீரைத் தொடக்கூடாது. முக்கால் பங்கும் உருகி 45 டிகிரி வந்ததும் கிண்ணத்தை எடுத்து, அடியைத் துடைத்து, ஒதுக்கி வைத்ததைச் சிறிது சிறிதாகப் போட்டுக் கிளறுங்கள். கடையில் வாங்கிய கட்டிக்குள் ஐந்தாம் படிகம் ஏற்கெனவே இருக்கிறது. அதுதான் தயிருக்கு உறைமோர் செய்கிற வேலையை இங்கே செய்யப்போகிறது. 31, 32க்கு வந்ததும் கத்தி நுனியில் தொட்டுக் குளிர்ந்த இடத்தில் வையுங்கள். ஐந்து நிமிடத்தில் பளபளப்பாக இறுகினால் அச்சில் ஊற்றலாம். கோடு கோடாகத் தெரிந்தால் இன்னும் கொஞ்சம் கிளற வேண்டும். அச்சை மேசையில் நாலு தட்டுத் தட்டினால் காற்றுக்குமிழி வெளியேறும். சரியாக உறைந்த சாக்லேட் சற்றே சுருங்கும். கவிழ்த்தால் தானே விழும்.

ஒரே எதிரி தண்ணீர். ஆவியில் இரண்டு சொட்டு விழுந்தாலும் சர்க்கரை அதைக் குடித்துப் பசையாகி, முழுக் கிண்ணமும் களிமண்போல இறுகிவிடும். அதனால் உள்ளே போடுவது எல்லாம் உலர்ந்திருக்க வேண்டும். வெல்லம் ஈரம் பிடிக்கும், வேண்டாம். வறுத்த வேர்க்கடலை, எள், இஞ்சி மரப்பா, பொடித்த பனங்கற்கண்டு, ஒன்றிரண்டாக இடித்த மிளகு எல்லாம் அருமையாகப் பொருந்தும். கடையில் கிடைக்காத பெட்டி ஒன்று பரிசாகும்.

சென்னையில் செய்கிறவர்கள் ஏசி அறையில் செய்வதே நல்லது. ஃப்ரிட்ஜில் பதினைந்து நிமிடம் வைக்கலாம், மூடிய டப்பாவில். ஊட்டியில் வாங்கி ஊருக்குக் கொண்டுபோகிறவர்களுக்குச் சிக்கல் மேட்டுப்பாளையத்தில் தொடங்கும். அங்கே பிப்ரவரிப் பகல் 30ஐத் தாண்டும். பஸ் சன்னலோர வெயில் இன்னும் மேலே. நீண்ட பயணம் என்றால் வர்க்கியோ தேயிலையோ, தோடர் பெண்கள் கறுப்பு, சிவப்பு நூலில் எண்ணி எண்ணித் தைத்த பூவேலைத் துணியோ பத்திரமான பரிசு. சாக்லேட்தான் வேண்டும் என்றால் துணிமணிக்கு நடுவே, பையின் நடுவயிற்றில் வையுங்கள். உருகிவிட்டாலும் கெட்டுப்போகாது. 45 டிகிரிக்கு மறுபடி ஏற்றி, கொஞ்சம் புதுச் சாக்லேட்டைத் தூவிக் கிளறினால் ஐந்தாம் படிகம் திரும்பி வரும். அதற்குப் பொறுமை இல்லாதவர்கள் சூடான பாலில் போட்டுக் குடித்துவிடலாம்.