நுண்ணுயிரின் மதில்

ஆலந்து நாட்டு டெல்ஃப்ட் நகரில் வாழ்ந்த லேவன்ஹூக் என்பார், தம் பல்லிடுக்கில் படிந்த வெள்ளை மாவினை நீரிற் கலந்து, தாமே செய்த உருப்பெருக்கியால் நோக்கினார். அதில் எண்ணற்ற சிற்றுயிர்கள் துள்ளித் திரிந்தன. 1683ஆம் ஆண்டில் அவர் கடிதம் எழுதி உலகுக்கு அறிவித்த அவ்வுயிர்களே இன்று பாக்டீரியா எனப்படுகின்றன.

பாக்டீரியா ஓர் உயிரணுவே உடலாகக் கொண்டது. மனிதர் குடலில் வாழும் ஈ. கோலி என்னும் வகையில் ஏறத்தாழ ஐந்நூற்றை வரிசையாக நிறுத்தினால்தான் ஒரு மில்லிமீட்டர் நீளம் வரும். இச்சிற்றுடலில் உட்கரு இல்லை. மரபுச் செய்தியைத் தாங்கும் டி.என்.ஏ. இழை வளையமாகிச் சுருண்டு கிடக்கிறது. அதனை நீட்டினால் அணுவின் நீளத்தைப்போல் எழுநூறு மடங்கிற்கும் மிகும்! புரதம் ஆக்கும் ரைபோசோம்கள் அதனைச் சூழ்ந்துள்ளன. சிலவற்றுக்கு நீந்துதற்குக் கசையிழைகளும் உண்டு. அவை சாட்டைபோல் அடிப்பனவல்ல, திருகுபோல் சுழல்வன.

இவற்றையெல்லாம் ஒரு மென்படலம் பொதிந்திருக்கிறது. வேண்டுவனவற்றை உள்ளே விடுவதும் வேண்டாதவற்றைத் தடுப்பதும் அதன் தொழில். ஆயினும் அணுவினுள் உப்பும் பிற பொருள்களும் செறிந்திருத்தலால், வெளியிலுள்ள நீர் ஓயாது உட்புகுகிறது. மென்படலம் மட்டும் இருப்பின் அணு ஊதி வெடித்துவிடும். அவ்வாறு வெடியாமற் காப்பது படலத்துக்குப் புறத்தேயுள்ள சுவர். சர்க்கரைப் பொருளாலான சரடுகளைச் சிறு பெப்டைடு இழைகள் குறுக்கே பிணைத்த வலை அது.

1884ஆம் ஆண்டில் கிராம் என்னும் டேனிய மருத்துவர் ஊதாச் சாயமூட்டும் முறையொன்றைக் கண்டார். சாராயத்தால் கழுவியபோது சில பாக்டீரியாக்கள் சாயத்தை இழந்தன; சில இழக்கவில்லை. சுவர் தடித்தவை சாயத்தைப் பற்றிக்கொள்வன என்பது பின்னர்த் தெளிவாயிற்று.

அணு வளர வளர வலையில் புதுக்கண்கள் பிணைக்கப்படல் வேண்டும். 1928ஆம் ஆண்டில் இலண்டனில் பிளெமிங் ஒரு பூஞ்சையிற் கண்ட பெனிசிலின், பிணைக்கும் நொதியையே முடக்குகிறது. அணுவோ வளர்ச்சியை நிறுத்துவதில்லை. நைந்த சுவர் கிழிய, நீர் புகுந்து அது மடிகிறது. மனித உயிரணுவுக்கு இத்தகைய சுவர் இல்லாமையால், ஒவ்வாமை உடையார் நீங்கலாக ஏனையோர்க்கு அம்மருந்து பெரிதும் தீங்கு செய்வதில்லை. சுவரே இல்லாத மைகோபிளாஸ்மா என்னும் நுண்ணுயிரிடமும் அது பலியாது.

ஆனால் பெனிசிலினைச் சிதைக்கும் நொதியும் பாக்டீரியாவிடம் உண்டு. அம்மருந்து மக்களிடையே பரவுமுன்பே, 1940ஆம் ஆண்டில், ஆபிரகாம், செயின் என்னும் இருவர் அதனைக் கண்டறிந்தனர். இத்தகைய நொதியை ஆக்கும் செய்தி, பல பாக்டீரியாக்களில், பெரிய வளையத்தில் அன்றிப் பிளாஸ்மிட் என்னும் சிறு வளையத்தில் அமைந்துள்ளது. அச்சிறு வளையத்தின் படி ஒன்று அயலிலுள்ள பாக்டீரியாவுக்குச் செல்லக்கூடும். சென்றால், பெனிசிலினை ஒருநாளும் எதிர்கொண்டிராத அதுவும் அம்மருந்துக்கு மடியாததாகிவிடும்.