சித்திரைத் திருவிழாவுக்குக் குழந்தைகளுடன் பயணம்: வண்டியூர், மதுரை

வண்டியூர் என்பது மதுரை மாநகரின் கிழக்கே வைகைக் கரையில் உள்ள பகுதி. ஆண்டுதோறும் சித்திரைத் திருவிழாவில், வைகை ஆற்றில் இறங்கிய கள்ளழகர் அன்றிரவு தங்குவது இங்குள்ள வீரராகவப் பெருமாள் கோயிலில்தான். இலட்சக்கணக்கானோர் கூடும் இவ்விழாவுக்குப் பலர் கைக்குழந்தைகளுடனும் பள்ளிப் பிள்ளைகளுடனும் வருகின்றனர். வெயில், நெரிசல், பிள்ளைகள் காணாமல் போதல் ஆகிய மூன்றும் இப்பயணத்தின் முக்கியமான இடர்கள். முன்கூட்டியே திட்டமிட்டால் இவற்றைப் பெருமளவு தவிர்க்கலாம்.

விழாவின் போக்கு

மதுரைக்கு வடக்கே ஏறத்தாழ 21 கிலோமீட்டர் தொலைவிலுள்ள அழகர்கோயிலிலிருந்து கள்ளழகர் புறப்பட்டு வருகிறார். வழியிலுள்ள மண்டகப்படிகளில் தங்கி, சித்ரா பௌர்ணமியை ஒட்டி, தங்கக் குதிரை வாகனத்தில் விடியற்காலையில் வைகையில் இறங்குகிறார். பின்னர் இராமராயர் மண்டபத்தில் தீர்த்தவாரி நடைபெறும். பக்தர்கள் தோல் பைகளிலிருந்து தண்ணீர் பீய்ச்சி அழகரைக் குளிர்விப்பர். அன்றிரவு அழகர் வண்டியூரை அடைகிறார்.

மறுநாள் வண்டியூர் வைகையாற்றில் உள்ள தேனூர் மண்டபத்தில், கருட வாகனத்தில் எழுந்தருளி மண்டூக முனிவருக்குச் சாப விமோசனம் அளிக்கும் நிகழ்ச்சி நடைபெறும். துர்வாசரின் சாபத்தால் தவளையான முனிவரின் கதை இது. அப்போது நாரை ஒன்று பறக்கவிடப்படும். இக்கதையை முந்தைய நாளே பிள்ளைகளுக்குச் சொல்லி வைத்தால், அங்கு நடப்பது என்ன என்று அவர்களுக்கு எளிதில் புரியும்.

எந்த நிகழ்ச்சிக்கு அழைத்துச் செல்லலாம்?

அழகர் ஆற்றில் இறங்கும் நேரத்தில்தான் கூட்டம் மிக அதிகம். 2022 ஏப்ரல் 16 அன்று, அழகர் ஆற்றில் இறங்கிய நிகழ்ச்சியின்போது ஏற்பட்ட நெரிசலில் இருவர் உயிரிழந்தனர். கொரோனா காலத்தில் 2020, 2021 ஆகிய இரு ஆண்டுகளும் பொதுமக்கள் விழாவில் பங்கேற்க முடியாததால், அந்த ஆண்டு கூட்டம் பெருகியிருந்தது.

ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளை அந்த நேரத்தில் ஆற்றுப் பகுதிக்கு அழைத்துச் செல்லாமல் இருப்பது நல்லது. அழகர் வரும் வழியிலுள்ள மண்டகப்படி ஒன்றில், பகல் வெயிலுக்கு முன்போ மாலையிலோ காத்திருந்து காணலாம். தேனூர் மண்டப நிகழ்ச்சி பகலில் நடப்பதால், நிழலில் நிற்க இடம் கிடைக்குமா என்று பார்த்துக்கொள்ள வேண்டும். நேரங்கள் ஆண்டுக்கு ஆண்டு மாறும் என்பதால் கோயில் நிர்வாகம் வெளியிடும் நிகழ்ச்சி நிரலைப் பார்த்துப் புறப்பட வேண்டும்.

வழியும் வாகனமும்

வெளியூரிலிருந்து வருவோர் ஒரு பெயர்க் குழப்பத்தை அறிந்திருக்க வேண்டும். வண்டியூர் மாரியம்மன் தெப்பக்குளம் வைகையின் தென்புறத்தில் உள்ளது. வீரராகவப் பெருமாள் கோயில் உள்ள வண்டியூர் ஆற்றின் வடபுறத்தில் உள்ளது. “வண்டியூரில் சந்திப்போம்” என்று மட்டும் சொல்லிக்கொண்டால், குடும்பத்தினர் ஆளுக்கொரு கரையில் நிற்க நேரிடும். சந்திக்கும் இடத்தின் பெயரை முழுமையாகக் கூறுவது அவசியம்.

* தமிழ்நாட்டு அரசுப் பேருந்துகளில் ஐந்து வயதுக்குட்பட்ட குழந்தைகளுக்குக் கட்டணம் இல்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயது வரை அரைக் கட்டணம்.
* இரயிலிலும் ஐந்து வயதுக்குட்பட்டோருக்குப் பயணச்சீட்டு தேவையில்லை. ஐந்து முதல் பன்னிரண்டு வயதுக்குட்பட்ட பிள்ளைக்குப் படுக்கை வசதிப் பெட்டியில் தனிப் படுக்கை கேட்டால் முழுக் கட்டணம். கேட்காவிட்டால் அரைக் கட்டணம்.
* இருசக்கர வாகனத்தில் ஒன்பது மாதம் முதல் நான்கு வயது வரையுள்ள குழந்தைக்குத் தலைக்கவசமும், ஓட்டுநருடன் இணைக்கும் பாதுகாப்புப் பட்டையும் 2023 பிப்ரவரி முதல் கட்டாயம். அப்போது வேகம் மணிக்கு 40 கிலோமீட்டரைத் தாண்டக்கூடாது. நான்கு வயதுக்கு மேற்பட்டோருக்கும் தலைக்கவசம் வேண்டும்.

விழா நாட்களில் நகரில் போக்குவரத்து மாற்றம் செய்யப்படும். இறங்கிய இடத்திலிருந்து நெடுந்தூரம் நடக்க வேண்டிவரும் என்பதைக் கணக்கில் கொள்ள வேண்டும். தள்ளுவண்டி கூட்டத்தில் பயன்படாது. கைக்குழந்தையை உடலோடு சேர்த்துக் கட்டும் துணிப்பையில் சுமப்பது எளிது.

வெயில், நீர், நெருப்பு

சித்திரையில் மதுரையின் வெயில் பல நாட்களில் 38 பாகை செல்சியசைத் தாண்டும். பெரியவர்களைவிடக் குழந்தைகளின் உடல் விரைவில் சூடாகும். தாகம் என்று சொல்லும்வரை காத்திராமல், சிறிது சிறிதாக அடிக்கடி தண்ணீர் கொடுக்க வேண்டும். பந்தல்களில் வழங்கும் நீர்மோர், பானகம் ஆகியவற்றில் சேர்க்கப்படும் தண்ணீர் எத்தகையது என்று தெரியாவிட்டால், சிறு குழந்தைகளுக்கு வீட்டிலிருந்து கொண்டுவந்த கொதித்தாறிய நீரே ஏற்றது.

வயிற்றுப்போக்கு ஏற்பட்டால் மருந்துக்கடையில் கிடைக்கும் உப்புச் சர்க்கரைக் கரைசல் பொடியைப் பயன்படுத்தலாம். அது இல்லாதபோது, ஒரு லிட்டர் சுத்தமான நீரில் மட்டமாக எடுத்த ஆறு தேக்கரண்டி சர்க்கரையும் அரைத் தேக்கரண்டி உப்பும் கலந்து கொடுக்கலாம். குழந்தை சோர்ந்து மயங்கினாலோ, வியர்க்காமல் உடல் கொதித்தாலோ, நிழலுக்குக் கொண்டுசென்று ஈரத்துணியால் துடைத்து, உடனே மருத்துவ உதவி நாட வேண்டும்.

பலர் இவ்விழாவில் பிள்ளைகளுக்கு முடி இறக்குகின்றனர். மொட்டையடித்த தலையில் வெயில் நேரடியாகப் படும் என்பதால், பருத்தித் தொப்பியோ துண்டோ கொண்டுசெல்ல வேண்டும்.

அழகரை வரவேற்கும் பெண்கள் சர்க்கரை நிரப்பிய செம்பின் மேல் சூடம் ஏற்றி நிற்பர். பெரியவர்களின் இடுப்பளவில் உள்ள அந்தச் சுடர், நடந்து வரும் பிள்ளையின் முகத்தளவில் இருக்கும். திரி ஏந்தி ஆடிவரும் பக்தர்களுக்கும் வழிவிட்டு நிற்க வேண்டும். சூட்டில் உருகித் தோலில் ஒட்டக்கூடிய நைலான் உடைகளைத் தவிர்த்துப் பருத்தி உடை அணிவிப்பது நல்லது.

விழாவுக்காகப் பெரும்பாலான ஆண்டுகளில் வைகை அணையிலிருந்து தண்ணீர் திறக்கப்படும். ஆற்றில் எங்கு பள்ளம் உள்ளது என்று மேலிருந்து பார்த்தால் தெரியாது. பிள்ளைகளைத் தண்ணீரில் தனியே இறங்க விடக்கூடாது.

பிள்ளை பிரிந்துபோனால்

சிறு பிள்ளைகளிடம் “உன் அம்மா பெயர் என்ன?” என்று கேட்டால், “அம்மா” என்றே பலரும் பதில் சொல்வர். ஆகவே, புறப்படும் முன் வீட்டிலேயே சிலவற்றைப் பழக்க வேண்டும்.

* பெற்றோரின் முழுப்பெயர், ஊர், கைப்பேசி எண் ஆகியவற்றைப் பிள்ளைக்குச் சொல்லித்தந்து, திருப்பிச் சொல்லச் செய்ய வேண்டும்.
* எண்ணைப் பேனாவால் கையில் எழுதலாம். அல்லது சட்டையின் உட்புறம் சீட்டாகக் குத்தலாம். பிள்ளையின் பெயரை வெளியே தெரியும்படி எழுதக்கூடாது. முன்பின் தெரியாதவர் பெயர் சொல்லி அழைத்தால், பிள்ளை தெரிந்தவர் என்று நம்பிவிடும்.
* அன்று அணிந்த உடையுடன் ஒரு நிழற்படம் எடுத்துக்கொள்ள வேண்டும். முடி இறக்கினால், அதன் பிறகு மீண்டும் ஒரு படம் எடுக்க வேண்டும். மொட்டையடித்த பிள்ளைகள் பலர் இருக்கும் இடத்தில் பழைய படம் அதிகம் உதவாது.
* ஒவ்வொரு பிள்ளைக்கும் ஒரு பெரியவர் பொறுப்பு என்று பெயர் சொல்லி ஒதுக்க வேண்டும். எல்லாரும் பார்த்துக்கொள்வார்கள் என்று விட்டால், ஒவ்வொருவரும் பிள்ளை மற்றவரிடம் இருப்பதாக எண்ணிவிடுவர்.
* சங்கிலி, கொலுசு போன்ற நகைகளை வீட்டிலேயே வைத்துவிட வேண்டும்.

வழி தவறினால் தேடி ஓடாமல் அருகில் ஓரமாக ஒதுங்கி நிற்கவும், சீருடை அணிந்த காவலரிடமோ குழந்தையுடன் நிற்கும் பெண்ணிடமோ உதவி கேட்கவும் பிள்ளைக்குக் கற்பிக்க வேண்டும். பெற்றோரில் ஒருவர் கடைசியாகப் பிள்ளையைப் பார்த்த இடத்திலேயே நிற்க, மற்றவர் காவல் உதவி மையத்துக்குச் சென்று ஒலிபெருக்கியில் அறிவிக்கச் சொல்ல வேண்டும். குழந்தைகள் உதவி எண் 1098, அவசர உதவி எண் 112, ஆம்புலன்ஸ் 108. பிள்ளை கிடைத்ததும் அடிக்கவோ திட்டவோ கூடாது. அடி விழும் என்று அஞ்சும் பிள்ளை, அடுத்த முறை ஒளிந்துகொள்ளக்கூடும்.

கூட்டம் நெருக்கத் தொடங்கினால், நடக்கும் பிள்ளையை உடனே தூக்கிக்கொள்ள வேண்டும். கூட்டத்தை எதிர்த்துத் தள்ளாமல், அதன் போக்கிலேயே சாய்வாக நகர்ந்து ஓரத்துக்கு வர வேண்டும். கீழே விழுந்த செருப்பையோ பையையோ எடுக்கக் குனியக்கூடாது. தரிசனம் கிடைக்காமல் திரும்ப நேர்ந்தாலும் அதுவே சரியான முடிவு.

மற்ற நாட்களில் வண்டியூர்ப் பக்கம்

கூட்டம் வேண்டாம் என்போர் வேறு நாட்களில் வரலாம். திருமலை நாயக்கர் காலத்து மாரியம்மன் தெப்பக்குளம், ஏறத்தாழ 305 மீட்டர் நீளமும் 290 மீட்டர் அகலமும் கொண்டது. நடுவே மைய மண்டபம் உள்ளது. மாலை நேரத்தில் பிள்ளைகளுக்கு ஏற்ற இடம். எனினும் நீர் நிறைந்திருக்கும்போது படிகளில் கையைப் பிடித்துக்கொள்ள வேண்டும். தமுக்கத்தை அடுத்து, இராணி மங்கம்மாள் அரண்மனையில் 1959-இல் திறக்கப்பட்ட காந்தி நினைவு அருங்காட்சியகமும், புது நத்தம் சாலையில் 2023-இல் திறக்கப்பட்ட கலைஞர் நூற்றாண்டு நூலகத்தின் குழந்தைகள் பிரிவும் வெயில் நேரத்தைக் கழிக்க உதவும். ஒரு நாளில் இரண்டு இடங்கள் போதும். நடுவில் உணவுக்கும் உறக்கத்துக்கும் நேரம் ஒதுக்கினால், பிள்ளைகள் களைப்பின்றி வீடு திரும்புவர்.