காடிக் கிண்ணம்

பழைய ரோமாபுரி மக்கள் விருந்து மேஜையில் காடி ஊற்றி வைப்பதற்கென்று சிறு கிண்ணம் ஒன்று வைத்திருந்தார்கள். அதற்கு ‘அஸெடாபுலம்’ என்று பெயர். மனிதனுடைய இடுப்பெலும்பின் இரு பக்கங்களிலும் உள்ள குழியைக் கண்ட உடற்கூற்று சாஸ்திரிகள், வடிவத்தின் ஒற்றுமை பற்றி அந்தப் பெயரையே அதற்கும் சூட்டிவிட்டார்கள். தொடை எலும்பின் உருண்டையான தலை இந்தக் கிண்ணத்துக்குள்தான் பொருந்தி அமர்ந்திருக்கிறது. நாம் நிற்பதும் நடப்பதும் சம்மணமிட்டு உட்காருவதும் அதன் தயவினால்தான். ரோமாபுரியில் கிண்ணம் உடைந்தால் கடையில் வேறொன்று வாங்கிக்கொண்டிருப்பார்கள். இந்தக் கிண்ணத்தின் சமாசாரம் அப்படியன்று.

வீடுகளில் ‘இடுப்பு முறிந்துவிட்டது’ என்று பொதுவாகச் சொல்வது பெரும்பாலும் தொடை எலும்பின் கழுத்து முறிவதைத்தான். நாம் இங்கே சொல்வது அதுவன்று. கிண்ணம் ஆழ்ந்த தசைக்குள் புதைந்திருப்பது, திடமானது, அதை உடைப்பதற்குப் பெரும் விசை வேண்டும். மோட்டார் வண்டியின் முன் ஆசனத்தில் வார் பூட்டாமல் உட்கார்ந்திருப்பவனுடைய முழங்கால், வண்டி மோதிய க்ஷணத்தில் எதிரேயுள்ள பலகையில் இடிக்கிறது. அந்த அடி தொடை எலும்பின் வழியே ஓடிக் கிண்ணத்தின் பின் சுவரைப் பெயர்த்துவிடுகிறது. மரத்திலிருந்தும் சாரத்திலிருந்தும் விழுகிறவர்களுக்கும் இக்கதி நேருவதுண்டு. ஆகவே இவ்விபத்துக்கு உள்ளாகிறவர்களில் பலர் குடும்பத்தைத் தாங்கும் வயதினர். எலும்பு தேய்ந்த முதியவர்களுக்கோ கூடத்தில் வழுக்கி விழுந்தாலே போதும்.

எலும்பு முறிவைப் பற்றி நமது முன்னோர் அறியாதவர்கள் அல்லர். சுச்ருதர் முறிவில் பன்னிரண்டு வகையும், மூட்டு விலகுவதில் ஆறு வகையும் பிரித்துக் காட்டியிருக்கிறார். அத்தி, ஆல், அரசு முதலிய மரங்களின் பட்டைகளையும் மூங்கிலையும் வைத்துக் கட்டும் விதத்தையும், கால் முறிந்தவனைப் பலகையில் கிடத்தி ஐந்து இடங்களில் முளையடித்து அசையாமல் பிணைக்கும் விதத்தையும் அவருடைய நூலில் காணலாம். அதே நூலில், இடுப்பெலும்பு உடைந்தும் நொறுங்கியும் போனவனை வைத்தியன் கைவிட வேண்டியதுதான் என்றும் அவர் ஒளிவு மறைவின்றிச் சொல்கிறார். இந்த நேர்மைக்காகவே அவரை நாம் வணங்கலாம். ஏனெனில், அவருக்குப் பின் எத்தனையோ நூற்றாண்டுகள் சென்றும், ஐரோப்பாவின் பெரிய ஆஸ்பத்திரிகளிலும் இந்த முறிவுக்குச் செய்தது அதிகமாக ஒன்றுமில்லை. காலில் எடை கட்டித் தொங்கவிட்டு வாரக் கணக்கில் படுக்கையில் கிடத்தினார்கள். பலகையும் முளையும் போய்க் கட்டிலும் கப்பியும் வந்தன, அவ்வளவே.

படுத்திருந்தால் எலும்பு கூடாதா என்று கேட்கலாம். கூடும். எப்படிக் கூடுகிறது என்பதுதான் கேள்வி. கையெலும்பின் நடுப்பகுதி சிறிது கோணலாகக் கூடினாலும் பிழைப்பு நடந்துவிடும். கிண்ணத்தின் உட்புறமோ கண்ணாடி போல் வழவழப்பான குருத்தெலும்பு பூசியது. அதில் இரண்டு மில்லிமீட்டர் அளவுக்கு ஒரு படி விழுந்துவிட்டாலும், உடலின் பாரமெல்லாம் அந்த விளிம்பில் ஏறுகிறது. ஒவ்வோர் அடியிலும் தொடை எலும்பின் தலை அதில் உராய்ந்து தேய்கிறது. சில வருஷங்களுக்குள் மூட்டு வற்றி வலியெடுத்து, முப்பது வயது வாலிபன் கிழவனைப் போல் நொண்டத் தொடங்குகிறான்.

இந்த நிலையை மாற்றியவர்கள் பாரிஸ் நகரத்து வைத்தியர்களான ராபர்ட் ஜூடே என்பவரும், அவருடைய சீடரான எமில் லெடூர்னேலும் ஆவர். லெடூர்னேல் 1927-ம் வருஷம், கனடாவுக்கு அருகே கடலில் கிடக்கும் ஸேன் பியேர் மிக்லோன் என்ற சிறு பிரெஞ்சுத் தீவுகளில் பிறந்தவர். கத்தியைக் கையில் எடுக்குமுன் அவர்கள் எலும்பை நன்றாகப் பார்க்கக் கற்றார்கள். நேரே எடுத்த எக்ஸ்ரே படத்தோடு நில்லாமல், நோயாளியை இரு பக்கங்களிலும் 45 டிகிரி சாய்த்து மேலும் இரண்டு படங்கள் எடுத்தார்கள். கவண் செய்ய உதவும் கவட்டைக் கம்பு ஒன்றைத் தலைகீழாகப் பிடித்துப் பாருங்கள். முன்னொரு தூணும் பின்னொரு தூணுமாக நிற்கும் இரு கிளைகளின் இடையே கிண்ணம் தாங்கப்பட்டிருக்கிறது என்பது அவர்கள் கண்ட உண்மை. எந்தத் தூண், எந்தச் சுவர் உடைந்தது என்பதைக்கொண்டு முறிவுகளைப் பத்து வகையாகப் பிரித்தார்கள். ஐந்து தனி வகை, ஐந்து கலப்பு வகை. 1964-ல் அமெரிக்கப் பத்திரிகை ஒன்றில் வெளிவந்த அந்தப் பாகுபாடே, சி.டி. ஸ்கான் வந்துவிட்ட இக்காலத்திலும் உலகெங்கும் வழங்குகிறது.

சிகிச்சை லேசானதன்று. பின்புறமாகச் சென்றால், காலுக்கு இறங்கும் பெரிய நரம்பு வழியில் நிற்கிறது. அது ஊறுபட்டால் பாதம் தூக்க முடியாமல் தொங்கிவிடும். லெடூர்னேல் வகுத்தபடி முன்புறமாக, தொடை இடுக்கின் வழியே சென்றால், காலின் பெரிய இரத்தக் குழாய்களைப் பக்குவமாக ஒதுக்கி வேலை செய்ய வேண்டும். உடைந்த துண்டுகளை ஓடு பொருத்துவது போல் ஒன்றோடொன்று சேர்த்து, எலும்பின் வளைவுக்கு ஏற்பத் தகட்டை வளைத்துத் திருகாணிகளால் இறுக்குகிறார்கள். இதில் கை தேர்வதற்கு வருஷக் கணக்கில் பழக வேண்டும் என்று லெடூர்னேல் கருதினார். அவரிடம் பயின்ற அமெரிக்க வைத்தியர் ஜோயல் மாட்டா, மூன்று வாரங்களுக்குள் சிகிச்சை செய்த 262 முறிவுகளின் பலனை 1996-ல் வெளியிட்டார். ஏறக்குறைய நான்கில் மூன்று பங்கு நோயாளிகள் நல்ல நிலையில் இருந்தார்கள்.

அந்த ‘மூன்று வாரம்’ என்பதை வாசகர்கள் கவனிக்க வேண்டும். அதற்கு மேல் தாமதித்தால் துண்டுகள் கோணலாகவே கூடத் தொடங்கிவிடுகின்றன. பிறகு அவற்றைப் பிரித்து இடத்தில் சேர்ப்பது, தேர்ந்தவர்களுக்கும் கஷ்டம். புத்தூர்க் கட்டின் பெயர் தென்னாட்டில் தெரியாதவர் யார்? கை கால் முறிவுக்கு நாட்டுக் கட்டினால் குணம் கண்டவர்கள் உண்டென்பதை நாம் மறுக்கவில்லை. ஆனால் தசைக்குள் புதைந்த கிண்ணத்தை எந்தப் பட்டையும் மூங்கிலும் எட்டிப் பிடிக்கப் போவதில்லை. கட்டிலும் எண்ணெயிலும் போகிற நாட்கள் அந்த மூன்று வாரத்திலிருந்து கழிகிற நாட்கள். இம்முறிவில் தேர்ந்த வைத்தியர்கள் இன்று நமது நாட்டின் பெரிய நகரங்களில் இருக்கிறார்கள்; கிராமத்துக் கூலிக்காரன் கெடுவுக்குள் அவர்களிடம் போய்ச் சேருவதற்கு வழி செய்வதுதான் சர்க்கார் கவனிக்க வேண்டிய காரியம்.

தொடை எலும்பின் தலை கிண்ணத்தை விட்டு வெளியே நழுவியிருந்தால், கெடு வாரக் கணக்கன்று, மணிக் கணக்கு. அடிபட்ட கால் குட்டையாகி, மடங்கி, உட்புறம் திரும்பியிருப்பது பெரும்பாலும் இதற்கு அடையாளம். அருகிலிருப்பவர்கள் இழுத்து நேராக்க முயலவே கூடாது. இருந்தபடியே பலகையில் கிடத்தி ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வேண்டும். ஆறு மணி நேரத்துக்குள், மயக்கம் கொடுத்து, அதை மீண்டும் உள்ளே அமர்த்திவிடுவது நல்லது. தாமதித்தால் இரத்த ஓட்டம் குன்றித் தலை மடிந்துபோகக்கூடும்.

எல்லா முறிவுக்கும் கத்தி வேண்டும் என்பதில்லை. துண்டுகள் விலகாமலும், பாரம் தாங்கும் மேற்கூரை கெடாமலும் இருந்தால் கோலூன்றிப் பொறுமையாகக் காத்திருப்பதே சிகிச்சை. எலும்பு மிகவும் நொறுங்கிய முதியவர்களுக்குச் சில சமயம் உடனேயே செயற்கை மூட்டு வைத்துவிடுகிறார்கள். மற்றவர்களுக்குச் சிகிச்சைக்குப் பின்னும் இரண்டு மூன்று மாதம் அந்தக் காலில் முழுப் பாரம் வைக்க அனுமதியில்லை. கால் குழாய்களில் இரத்தம் உறைந்து நுரையீரலுக்குப் போய்விடாதபடி மருந்து கொடுக்கிறார்கள். இவ்வளவும் செய்து சில வருஷங்களுக்குப் பின் மூட்டு தேய்ந்துவிடுவதும் உண்டு. அப்போது செயற்கை மூட்டு வைக்க வேண்டியிருந்தாலும், முன்பே சரிவரக் கூட்டிய கிண்ணமாயிருந்தால், அதைப் பதிப்பதற்கு உறுதியான இடம் கிடைக்கிறது.